மறக்கப்பட்ட கைதிகளின் வழக்கறிஞர்

கட்சிக்காரர் தேடி வந்து வழக்கை ஒப்படைப்பார். வழக்கறிஞர் ஊதியம் பெற்று வாதாடுவார். இதுவே உலக வழக்கம். தம்மைத் தேடி வர இயலாதவர்களுக்காக, முகமறியாத அயல்நாட்டுக் கைதிகளுக்காக வாதாடிய ஒருவரை நம் வாசகக் குடும்பங்கள் அறிந்துகொள்ளல் நலம் எனக் கருதுகிறோம். அவர் பெயர் பீட்டர் பெனன்சன்.

1921-ம் ஆண்டு லண்டன் மாநகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப்பின் வழக்கறிஞரானார். பிராங்கோவின் ஆட்சியிலிருந்த ஸ்பெயினுக்குச் சென்று, தொழிற்சங்கத்தினர்மீது நடந்த விசாரணைகளைப் பார்வையாளராக அமர்ந்து கவனித்தார். 1958-ல் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவினார்.

போர்ச்சுக்கல் நாட்டில் சுதந்திரத்தை வாழ்த்தி மதுக்கிண்ணம் உயர்த்திய மாணவர் இருவருக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது என்ற செய்தியை 1960-ன் இறுதியில் படித்ததாகப் பின்னாளில் அவரே கூறியுள்ளார். மனம் கொதித்து, புனித மார்ட்டின் ஆலயத்தில் அமர்ந்து சிந்தித்தாராம். தாம் ஒருவர் கண்டனம் தெரிவித்து யாது பயன்? ஆயிரம் பேர் ஒருங்கே எழுதினால்? 1961 மே 28 அன்று 'அப்சர்வர்' என்னும் ஞாயிறு நாளேட்டில் 'மறக்கப்பட்ட கைதிகள்' என்ற அவரது கட்டுரை வெளிவந்தது. ஓராண்டுக்கெனத் தொடங்கிய முயற்சியே சர்வதேச மன்னிப்புச் சபையாக வளர்ந்தது. (குற்றமே செய்யாதவர்க்கு மன்னிப்பு எதற்கு என்று தமிழ்ப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் நமக்குத் தோன்றுவதுண்டு!)

அக்கட்டுரை எடுத்துக்காட்டிய கைதிகளுள் ஒருவர் பிராக் பேராயர் யோசேப் பேரான். நாத்சிகளால் டாக்காவ் வதைமுகாமில் அடைபட்டு மீண்ட அவரை, 1949 முதல் கம்யூனிஸ்டு அரசு காவலில் வைத்திருந்தது. 1962-ல் அவர் பொருட்டு அயர்லாந்தின் முன்னாள் வெளியுறவு அமைச்சரும் வழக்கறிஞருமான ஷான் மக்பிரைடு பிராக் நகருக்கே சென்று வந்தார். 1965-ல் பாப்பரசர் 6-ம் சின்னப்பர் பேரானைக் கர்தினாலாக உயர்த்தினார். உரோமைக்குச் சென்றவரைத் தாயகம் திரும்ப அரசு அனுமதிக்கவில்லை. அவ்வாண்டு வத்திக்கான் சங்கத்தில் அவர் எழுந்து பேசியது சமய உரிமைக்காகவே. 1969-ல் உரோமையில் இறந்தவரின் உடல் 2018-ல்தான் பிராக் பேராலயம் வந்து சேர்ந்தது.

பெனன்சன் வகுத்த முறை எளியது. ஒவ்வொரு குழுவும் மூன்று கைதிகளை ஏற்றுக்கொண்டது: ஒருவர் மேற்கு நாட்டினர், ஒருவர் கம்யூனிஸ்டு நாட்டினர், ஒருவர் மூன்றாம் உலகத்தவர். ஒரு கண்ணுக்கு வெண்ணெயும் மறு கண்ணுக்குச் சுண்ணாம்பும் வைக்கலாகாது என்பதே நோக்கம். ஆசிரியர், இல்லத்தரசி, குமாஸ்தா எவராயினும் அஞ்சல் தலை ஒட்டி ஆட்சியாளருக்குப் பணிவுடன் கடிதம் எழுதலாம். வன்முறையைக் கையாண்டவர், அதற்காக வாதிட்டவர் ஆகியோரை மட்டும் 'மனச்சாட்சிக் கைதி'யாக ஏற்பதில்லை. இவ்விதியால், நாசவேலைக் குற்றத்திற்காக ஆயுள் தண்டனை பெற்ற நெல்சன் மண்டேலாவை 1964-ல் அப்பட்டியலில் வைத்திருக்க அவர்கள் இசையவில்லை. கடினமான முடிவுதான், ஆயினும் ஒரே அளவுகோலை எல்லார்க்கும் வைத்தனர் என்பதை மறுப்பதற்கில்லை.

வழக்கறிஞரின் வாழ்வில் கசப்பும் இருந்தது. பிரிட்டிஷ் அரசின் தலையீடு பற்றியும் பணம் பற்றியும் எழுந்த பூசலில் 1967-ல் தாம் தொடங்கிய சபையை விட்டே விலகினார். பல்லாண்டுகள் கழித்தே உறவு சீரடைந்தது. 1977-ல் அச்சபைக்கு நோபல் அமைதிப் பரிசு வழங்கப்பட்டபோது அவர் எப்பொறுப்பிலும் இல்லை. 2005 பிப்ரவரி 25 அன்று, தம் 83-ம் வயதில், ஆக்ஸ்போர்டில் இறைவனடி சேர்ந்தார்.