வெளியூரில் வலி கிளம்பினால்: ஒரு தாளில் எழுதி வைத்த குறிப்பு

மூன்று வருஷத்துக்கு முன்னால் மதுரையில் அக்கா மகள் கல்யாணம். நான் ஒரே தாய்மாமன். முகூர்த்த நேரத்தில் நான் மண்டபத்தில் இல்லை. பக்கத்துத் தெரு லாட்ஜில், கட்டிலை விட்டு இறங்க முடியாமல் ஒருக்களித்துக் கிடந்தேன். கெட்டிமேளம் ஜன்னல் வழியாகக் கேட்டது. "தாய்மாமன் எங்கேம்மா?" என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டபோது அக்கா ஏதோ சொல்லிச் சமாளிச்சிருக்காங்க. இன்றுவரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எனக்கு இருப்பது அங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். முதுகெலும்பிலும், அது இடுப்பெலும்போடு சேரும் மூட்டுகளிலும் அழற்சி வரும் ஒரு வகை வாதம். பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கிவிடும். படுத்தால் இறுகும், நடந்தால் இளகும் என்பது இதன் தனிக்குணம். விருத்தாசலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சாதாரண நாட்களில் வண்டி ஓடிவிடுகிறது. வெளியூர் போனால் மட்டும் ஏன் இப்படி ஆகிறது? அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு படித்ததும், செய்து பார்த்ததும் இந்தக் குறிப்பு. நான் டாக்டர் இல்லை. மருந்து அளவெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு பண்ணுங்கள்.

வலி ஏன் திடீரென்று ஏறுகிறது?

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022-இல் நடைமுறைக்கு வந்தபோது இதற்கெனத் தனிப் பிரிவே ஒதுக்கியது. வழக்கமான அளவைத் தாண்டி சில மணி நேரமோ, சில நாளோ வலி ஏறி நிற்பதுதான் ஃப்ளேர்-அப். எங்கள் வீட்டு பாஷையில் "வலி கிளம்பிடுச்சு".

வலி கூடினால் உள்ளே ஏதோ புதிதாகக் கெட்டுவிட்டது என்றுதான் பயப்படுவோம். எப்போதும் அப்படி இல்லை. தொடர்ந்து வலிச் செய்தி வந்துகொண்டிருந்தால் தண்டுவட நரம்புகளே கூர்மையாகிவிடும் என்று கிளிஃபோர்ட் வுல்ஃப் 1983-இல் காட்டினார். அதன்பிறகு சின்னத் தூண்டலுக்கும் பெரிய வலி வரும். திருடன் வந்தால் அடிக்க வேண்டிய அலாரம், பூனை போனாலும் அடிக்கிற மாதிரி. தூக்கக் குறைவும் மனப் பதற்றமும் இந்த அலாரத்தை இன்னும் கூர்மையாக்கும்.

மதுரையில் என்ன நடந்தது

ஆபீஸில் சர்வர் விழுந்தால், சரிசெய்த பிறகு உட்கார்ந்து, எது முதலில் நடந்தது, எது அடுத்து நடந்தது என்று வரிசையாக எழுதுவோம். அதே வேலையை என் முதுகுக்கும் செய்தேன்.

வைகை எக்ஸ்பிரஸில் ஜன்னல் சீட். மதுரை வரை சுமார் ஐந்து மணி நேரம், ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. இறங்கியதும் இரண்டு பெட்டியோடு மேம்பாலப் படி. ராத்திரி சாப்பாடு தாமதம், அதனால் மாத்திரையும் விட்டுப்போனது. படுக்கும்போது மணி ஒன்று. மெத்தை அமுங்கியது, ஏசி முதுகுக்கு நேராக. காலையில் வலி தொடங்கியதும் மருந்துக்கடையில் "வலி மாத்திரை" கேட்டு வாங்கிப் போட்டேன். கத்தரித்துக் கொடுத்த பட்டையில் பேர் பாதிதான் இருந்தது. நான் ஏற்கெனவே சாப்பிடுகிற டைக்ளோஃபெனாக்கேதான் அது, வேறு கம்பெனி பேரில்.

எழுதிப் பார்த்ததும் ஒன்று தெரிந்தது. இதில் எதுவும் தலைவிதி இல்லை. ஒவ்வொரு இடத்திலும் நான் ஒரு முடிவெடுத்திருக்கலாம். ஆனால் வலியோடு, தூக்கம் கெட்டு, சொந்தக்காரர்கள் நடுவில் நிற்கும்போது மூளை ஒழுங்காக முடிவெடுக்காது. ராத்திரி மூன்று மணிக்கு சர்வர் விழுந்தால் யாரையும் யோசிக்கச் சொல்ல மாட்டோம். முன்பே எழுதி வைத்த படிகளைத்தான் செய்யச் சொல்வோம். அப்படி ஒரு தாள் எனக்கும் வேண்டும், நல்ல நாளில் எழுதியதாக.

தாளில் உள்ளவை

*மருந்து.* போகிற நாட்களுக்கு மேல் மூன்று நாள் மாத்திரை கூடுதலாக. முழுப் பட்டையாக, கைப்பையில். பிராண்டு பேரோடு மருந்தின் உண்மைப் பெயரும் உள்ள சீட்டு ஒன்று, போனில் அதன் படம் ஒன்று.

டைக்ளோஃபெனாக், ஏசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸன் எல்லாம் ஒரே குடும்பம். இரண்டைச் சேர்த்துப் போட்டால் வலி பாதியாகாது. வயிற்றில் ரத்தக்கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் வரும் அபாயம்தான் கூடும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தால் இன்னும் மோசம். பாராசிட்டமால் வேறு வகை. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம், அதாவது 650 மில்லிகிராம் மாத்திரை ஆறுக்கு மேல் கூடாது. கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் இதிலும் குறைவு. சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், கணக்கில் சேர்க்க வேண்டும். பிரகாபாலின் மாதிரி மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினாலே உடம்பு முறுக்கிக்கொள்ளும். அதனால் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போகவே கூடாது.

ட்ராமடால் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும். 2018 முதல் இந்தியாவில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, சீட்டு இல்லாமல் வெளியூர்க் கடையில் கிடைக்காது. துபாய் போகிறவர்கள் முன் அனுமதி வாங்காமல் அதை எடுத்துப் போகக் கூடாது.

*பயணம்.* ரயிலில் நடைபாதை ஓர சீட், 45 நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம், எழுந்து கதவுப் பக்கம் வரை ஒரு நடை. ராத்திரிப் பயணம் என்றால் கீழ் படுக்கை. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயதானால் ரயில்வேயே அதற்கு முன்னுரிமை தரும். நான் அந்தக் கணக்கில் வரவில்லை. அதனால் ஐஆர்சிடிசி-யில் "கீழ் படுக்கை கிடைத்தால் மட்டும் பதிவு செய்" என்ற தேர்வை வைத்து முன்கூட்டியே போட்டுவிடுகிறேன். சென்னையிலிருந்து திரும்பும்போது உளுந்தூர்ப்பேட்டை தாண்டியதும் எழுந்து நின்றுவிடுவேன். நம்ம ஜங்ஷனில் வண்டி நிற்பது ஓரிரு நிமிடம். இறுகிய முதுகோடு கடைசி நேரத்தில் எழுந்தால் இறங்க முடியாது.

பஸ்ஸில் கடைசி வரிசை வேண்டவே வேண்டாம். பின்சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அது, ஒவ்வொரு குழிக்கும் அதிகம் தூக்கிப் போடும். இரண்டு அச்சுக்கும் நடுவிலுள்ள சீட்டில் ஆட்டம் குறைவு.

*தங்குமிடம்.* விசேஷத்துக்கு முந்தின நாள் மதியமே போய்ச் சேருவது. அன்றைக்கு எந்த வேலையும் ஒத்துக்கொள்வதில்லை. மெத்தை அமுங்கினால் தரையில் ஜமக்காளம். பத்தரைக்குத் தூக்கம், யார் கூப்பிட்டாலும்.

*கிளம்பிவிட்டால்.* முதலில் சூடு. ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று பெட்டியில் எப்போதும் இருக்கும். டீக்கடையில் கேட்டால் வெந்நீர் தருவார்கள். அதுவும் இல்லையென்றால் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம். துணி சுற்றாமல் வைக்கக் கூடாது, வைத்துக்கொண்டே தூங்கவும் கூடாது. சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தோல் வெந்தால்கூடத் தெரியாது. ஒத்தடமும் தேய்ப்பும் வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. தொடுதல், அழுத்தம் போன்ற செய்திகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் என்று மெல்சாக்கும் வாலும் 1965-இல் ஒரு கோட்பாடு வைத்தார்கள். டென்ஸ் எனும் மின்தூண்டல் கருவி அதிலிருந்து வந்ததுதான். சூடு வைத்த பிறகு டாக்டர் சொன்ன மாத்திரை, சாப்பிட்டுவிட்டு. பிறகு என் வகை வலிக்கு மெதுவான நடை, பத்து நிமிடம்.

*இது ஃப்ளேர் இல்லை.* காலில் புதிதாகப் பலமின்மை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, காய்ச்சலோடு முதுகுவலி, நெஞ்சுவலி. இதில் ஒன்று வந்தாலும் ஒத்தடம் கிடையாது. நேரே ஆஸ்பத்திரி, 108. ரயிலுக்குள் என்றால் 139.

உங்கள் தாள் வேறு

எங்கள் தெருவில் ஒரு அண்ணன், செராமிக் பட்டறையில் அச்சு வார்க்கிறவர். அவருக்கு டிஸ்க் பிரச்சினை. கார்த்திகைக்கு முன்னால் பீங்கான் அகல்களைச் சின்ன யானையில் ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை போவார். குனிந்து தூக்கினால் அவருக்கு வலி கிளம்பும், படுத்தால் அடங்கும். எனக்கு நேர் எதிர். என் தாளை அப்படியே அவரிடம் கொடுத்தால் கெடுதல்தான். அவர் தாளில் முதல் வரி: "இறக்குற வேலை நான் செய்யல, கூலி ஆள்." போய் இறங்கியதும் ஓடாமல் நிதானமாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, "சூளையை அவசரமா தொறந்தா சரக்கு விரியும்ல, அதே கதைதான் தம்பி" என்றார்.

உங்கள் தாளுக்கு, கடைசி இரண்டு ஃப்ளேருக்கு முந்தைய இரண்டு நாட்களை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பதுதான் முதல் வரி. எழுதியபின் கூட வருபவரிடம் ஒரு பிரதி கொடுங்கள்.

போன தை மாதம் அக்காவின் இரண்டாவது மகள் கல்யாணம், திருச்சியில். கிளம்பும் முன்பே அக்காவுக்கு போன் பண்ணி, "முந்தின நாள் வேலை எதுவும் எனக்கு வைக்காதீங்க, முகூர்த்தத்துக்கு நிக்கணும்" என்றேன். மூன்று வருஷமாகச் சொல்ல வேண்டியிருந்த பேச்சு, இரண்டு நிமிடத்தில் முடிந்தது. வலி வரத்தான் செய்தது, விடிகாலை நாலு மணிக்கு. தாளை எடுத்து என் மனைவி முதல் படியைப் படிக்க, மாடிப்படி இறங்கி டீக்கடைக்குப் போனாள். ஆறரை முகூர்த்தத்துக்கு மேடையில் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு நின்றேன். அக்கா ஒருதரம் திரும்பிப் பார்த்தாங்க.