உங்களுக்குத் தெரியுமா? எலும்புக்கும் ஒட்டு உண்டு!

மாங்கன்றுக்கு மட்டுமல்ல, எலும்புக்கும் ஒட்டு வைக்கலாம். 1911இல் நோயாளியின் காலெலும்பிலிருந்து சீவிய துண்டை, காசநோய் அரித்த முதுகெலும்பில் பதித்த முறையை வெளியிட்டவர் அமெரிக்க மருத்துவர் ஃபிரெட் ஆல்பி. சிறுவயதில் தாத்தாவிடம் மரத்துக்கு ஒட்டுக் கட்டப் பழகியவர் அவர்!

விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கினால் சில துண்டுகள் ரோட்டிலேயே போய்விடலாம். மிச்சத்தைச் சீழ் அரிக்கலாம். இடைவெளி சுமார் 2 செ.மீ.யைத் தாண்டினால் தானாக நிரம்புவது அரிது.

உடனே எலும்பை வைத்து அடைத்துவிடலாமே? அங்கேதான் அவசரம் கூடாது. செத்த எலும்பையும் சதையையும் களைய வேண்டும், கால் அசையாமல் கம்பி மாட்ட வேண்டும், புண்ணைச் சதையால் மூட வேண்டும். சீழுக்குள் வைத்த ஒட்டு பெரும்பாலும் கரைந்தே போகும்.

இந்தக் காத்திருப்பையே வைத்தியமாக்கியவர் பிரான்ஸ் மருத்துவர் மாஸ்குலே. பள்ளத்தில் முதலில் எலும்பு சிமென்ட்டை வைத்துவிடுவார். 6 முதல் 8 வாரத்தில் உடம்பு அதைச் சுற்றி மெல்லிய சவ்வு வளர்க்கும். பிறகு சவ்வைக் கீறி, சென்ட்ரிங் பலகையைக் கழற்றுவது போல சிமென்ட்டை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து சுரண்டிய துகள்களை அந்தப் பைக்குள் நிரப்புவார். சவ்வில் ரத்தக்குழாய்களும் வளர்ச்சிப் புரதங்களும் இருப்பதால் ஒட்டு பிடித்துக்கொள்கிறது. (அடிபட்ட காலை விட, சுரண்டிய இடுப்புதான் அதிகம் வலிக்கிறது என்பவர்கள் உண்டு.)

சோவியத் மருத்துவர் இலிசாரோவ் ஒட்டே வேண்டாம் என்றார். நல்ல பகுதியில் எலும்பை வெட்டி, காலைச் சுற்றி வளையம் மாட்டி, வெட்டிய துண்டை இடைவெளியை நோக்கித் தினமும் 1 மி.மீ. நகர்த்தினால் பின்னால் புது எலும்பு முளைக்கும். 6 செ.மீ. நகர்த்தவே 60 நாள். அது கெட்டியாக இன்னும் பல மாதம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற புருமெல், மறு வருடமே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். பல ஆபரேஷன்களுக்குப் பிறகு அவரை நடக்கவைத்தவர் இலிசாரோவ்தான். நடந்தது மட்டுமா, மறுபடி தாண்டவும் செய்தார்!

இடைவெளியை அடைக்க இன்னொரு வழியும் உண்டு. கெண்டைக்காலில் பெரிய எலும்புக்குப் பக்கத்திலேயே ஒல்லியாக இன்னொன்று இருக்கிறது. 1905இல் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவர் ஹன்டிங்டன், பெரிய எலும்பை இழந்த ஒரு சிறுவனுக்கு அந்த ஒல்லி எலும்பை அதன் இடத்துக்கு மாற்றியதைப் பதிவு செய்தார். எடை ஏற ஏற அதுவும் தடித்துவிட்டது.

இப்படி நொறுங்கிய காலைக் காப்பாற்றுவதா, எடுப்பதா? இதை முடிவு செய்ய உதவும், காயத்துக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று நம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் பிறந்தது. 14 வரை காப்பாற்று, 17ஐத் தொட்டால் எடுப்பதைப் பற்றி யோசி. நடுவில் உள்ளதுதான் தலைவலி.

ஒட்டு வைக்க நாள் குறித்துவிட்டார்களா? பீடி, சிகரெட்டை இன்றே விடுங்கள். புகை, எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.