நாலு கோடு சிக்னல் இருக்கு, பக்கம் ஏன் திறக்கலை?

சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகைப் பதிவு, பொறியியல் கலந்தாய்வில் கல்லூரித் தேர்வு, பட்டா நகல் என்று எதை எடுத்தாலும் இன்று ஓர் இணையப் பக்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பக்கம் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தால், சமவெளியில் இருப்பவர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார். ஜவ்வாது மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுக்காரர் மலையிறங்கித் திருப்பத்தூர் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும். சாமை அறுப்பு நேரமாக இருந்தால் இன்னும் கஷ்டம்.

திருப்பத்தூர் மாவட்டத்தின் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு மூன்றும் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் மலை நாடுகள். இதுபோன்ற மலை ஊர்களில் வீட்டு நெட் என்றால் பெரும்பாலும் காற்றில் வரும் நெட்தான். சிம் போட்ட ஒரு ரவுட்டர் இருக்கும், இல்லாவிட்டால் போனின் ஹாட்ஸ்பாட். அது மந்தமானால், ‘டவர் சரியில்லை’ என்ற ஒரே பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பல வீடுகளில் டவர் குற்றவாளியே அல்ல. டவர்தான் குற்றவாளி என்றாலும், அதை அளவோடு காட்டினால்தான் யாராவது காது கொடுப்பார்கள். மந்தத்துக்கு ஓர் இடம் உண்டு, அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு போனும் ஒரு நோட்டும் போதும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வழியை நாலாகப் பிரியுங்கள்

உங்கள் போனிலிருந்து அந்த இணையதளம் வரை நாலு துண்டு வழி இருக்கிறது. போனிலிருந்து ரவுட்டர் வரை வைஃபை. ரவுட்டரிலிருந்து டவர் வரை அலைபேசி அலை. டவரிலிருந்து கீழே நகரம் வரை ஒளியிழைக் கம்பியோ மைக்ரோவேவ் இணைப்போ. அதற்கு அப்பால் அந்த இணையதளத்தின் சர்வர். எந்தத் துண்டில் சிக்கல் என்று தெரியாமல் ரவுட்டரை மாற்றுவதும் சிம்மை மாற்றுவதும் காசுக்குக் கேடு.

பிரித்துப் பார்க்க ‘பிங்’ போதும், அதாவது ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை. போனில் இதற்கு இலவசச் செயலிகள் உண்டு. முதலில் ரவுட்டரின் முகவரிக்கு அனுப்புங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடியில் ஒட்டிய சீட்டிலேயே இருக்கும். பதில் சில மில்லி விநாடிகளில் திரும்ப வேண்டும். 100, 200 என்று ஏறினாலோ இடையிடையே பதிலே வராவிட்டாலோ கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. அது சுத்தமாக இருந்தால் அடுத்து 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு அனுப்புங்கள். ரவுட்டர் உடனே பதில் சொல்லி, இது மட்டும் தடுமாறினால் கோளாறு வீட்டுக்கு வெளியே. இரண்டும் நன்றாக இருந்து ஒரே ஒரு தளம் மட்டும் திறக்காவிட்டால் தவறு அந்தத் தளத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். ஐந்து நிமிட வேலை இது. பாதிச் சந்தேகம் இதிலேயே தீர்ந்துவிடும்.

வேகம் வேறு, தாமதம் வேறு

‘ஸ்பீடு டெஸ்ட்டில் 10 எம்பிபிஎஸ் காட்டுகிறது, ஆனால் பக்கம் வர அரை நிமிடம் ஆகிறது’ என்று பலர் குழம்புகிறார்கள். இரண்டும் உண்மையாக இருக்க முடியும். மலையிலிருந்து திருப்பத்தூர்ச் சந்தைக்குப் பெரிய லாரியே வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நடையில் நூறு மூட்டை ஏற்றினால் லாரியால் லாபம். ஒவ்வொரு நடைக்கும் ஒரு பொட்டலம் என்றால் லாரி எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை, நடைக்கு ஆகும் நேரம்தான் கணக்கு.

இணையப் பக்கம் பொட்டலக் கணக்கைச் சேர்ந்தது. 2024 கணக்கின்படி, மொபைலில் திறக்கும் ஒரு நடுத்தரப் பக்கம் ஏறக்குறைய 2.3 எம்பி எடை. 60-க்கும் மேற்பட்ட தனித்தனிக் கோரிக்கைகள் போய்த்தான் அது முழுதாக வந்து சேர்கிறது. முதல் எழுத்து வருவதற்கு முன்பே குறைந்தது நாலு முறை போய்வர வேண்டும். பெயருக்கு உரிய முகவரியைக் கேட்க ஒரு நடை, இணைப்புப் போட ஒன்று, பூட்டுச் சாவி பேசிக்கொள்ள ஒன்று, பக்கத்தைக் கேட்க ஒன்று. ஒரு நடைக்கு 50 மில்லி விநாடி என்றால் இது கால் விநாடிக்குள் முடியும். 400 என்றால் வெள்ளைத் திரையைப் பார்த்தபடி ஒன்றரை விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும், அதன் பிறகுதான் மற்றவை தொடங்கும்.

இதைவிடக் கெட்டது தகவல் தொலைவது. பிங் சோதனையில் நூற்றுக்கு மூன்று, நாலு பதில் வராமல் போனாலே பக்கம் தவழ ஆரம்பிக்கும். வழியில் எதுவோ தொலைந்தது என்று தெரிந்ததும், நெரிசல் என்று நினைத்து அனுப்பும் முனை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இணையத்தின் அடிப்படை விதியே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. அதனால் ஸ்பீடு டெஸ்ட் எண்ணோடு பிங் நேரத்தையும், தொலைந்த விழுக்காட்டையும் சேர்த்துக் குறித்து வையுங்கள்.

ரவுட்டருக்கு எது இடம்?

நகரத்து அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு வைஃபைகள் ஒன்றோடொன்று மோதுவதுதான் பெரிய தொல்லை. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் மலை ஊரில் அந்தத் தொல்லை குறைவு. இங்கே சிக்கலே வேறு. சிம் ரவுட்டருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை. டவரோடு பேச அதற்கு ஜன்னலோரமோ கூரை உயரமோ வேண்டும். வீட்டாரோடு பேச வீட்டு நடுவில் இருக்க வேண்டும். பல வீடுகளில் இந்த இரண்டும் கெட்டு, பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறதோ அங்கே, இரும்பு பீரோவின் மேலோ டிவிக்குப் பின்னாலோ அது உட்கார்ந்திருக்கும். இரும்பு அலையைத் தடுக்கும், தடித்த சுவர் அதைத் தின்னும்.

இரண்டு வேலையையும் பிரித்துவிடுவதே நல்ல வழி. சிம் ரவுட்டரை டவர் பக்கத்து ஜன்னலில் வையுங்கள். அதிலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்து, வீட்டு நடுவில் ஒரு சாதாரண வைஃபை ரவுட்டரை மாட்டுங்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். மேட்டிலிருக்கும் மாட்டுக் கொட்டகையில் சிக்னல் நன்றாக இருந்தால் அங்கிருந்துகூட இழுக்கலாம். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிப் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் ஒரே அறைக்குள் நல்ல வேகம், சுவர் தாண்டினால் தளரும். இருக்கும் இடத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

கோடுகளை நம்பாதீர்கள்

போனில் தெரியும் கோடு சிக்னலின் பலத்தைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி என்பது பலம். மைனஸ் 80 நன்று, மைனஸ் 110-ஐ நெருங்கினால் மோசம். எஸ்ஐஎன்ஆர் என்பது தரம், அதாவது நமக்கு வேண்டிய அலை, வேண்டாத இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. 20 இருந்தால் அருமை, பூஜ்யத்துக்குக் கீழே போனால் நாலு கோடு இருந்தும் பயனில்லை.

மலைமுகட்டில் இருக்கும் வீட்டுக்கு இது தனிச் சோதனை. பள்ளத்துக்கு அப்பாலிருந்து இரண்டு மூன்று டவர்கள் ஏறக்குறைய ஒரே பலத்தில் தெரியும். எதைப் பிடிப்பது என்று ரவுட்டர் தாவிக்கொண்டே இருக்கும். பலம் இருக்கும், தரம் இருக்காது. ஒரு திசையை மட்டும் பார்க்கும் வெளி ஆன்டெனா இந்த இடத்தில் கைகொடுக்கும். அதைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு நிமிடம் விட்டு, எஸ்ஐஎன்ஆர் எண்ணைக் குறித்துக்கொண்டே வாருங்கள். எண் உச்சத்தில் நிற்கும் திசையில் முடுக்குங்கள். ஆன்டெனாவுக்கும் டவருக்கும் நடுவே பலாவோ புளியோ இருந்தால் மழை நாளில் மறுபடி பாருங்கள். நனைந்த இலை அலையை உறிஞ்சும். 700, 850 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் மரத்தையும் மேட்டையும் ஓரளவு தாண்டி வரும். 2300, 3500 போன்ற உயர்ந்தவை வேகமானவை, ஆனால் நேர்ப்பார்வை கேட்கும். எந்த அலைவரிசையில் நிற்க வேண்டும் என்று பூட்டிவைக்கும் வசதி சில ரவுட்டர்களில் இருக்கிறது.

காலை 6 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இதே எண்களை எழுதிப் பாருங்கள். எஸ்ஐஎன்ஆர் மாறாமல் இருக்க, வேகம் மட்டும் இரவில் பாதியாகக் குறைந்தால் உங்கள் வீட்டில் திருத்த ஒன்றுமில்லை. டவரில் கூட்டம், அல்லது டவரிலிருந்து கீழே போகும் இணைப்பு போதவில்லை. அப்படியானால் பேச வேண்டியது நிறுவனத்தோடு.

மறைந்திருக்கும் மூன்று திருடர்கள்

முதலாவது, தினசரி டேட்டா வரம்பு. வரம்பு தீர்ந்ததும் பல மொபைல் திட்டங்களில் நெட் நிற்காது, 64 கேபிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் 2.3 எம்பி பக்கம் வர ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். 1990-களில் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு, கிராமங்களுக்காக ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லாத் தொலைபேசி இணைப்பை உருவாக்கியது. அது தந்த இணைய வேகம் 35 அல்லது 70 கேபிபிஎஸ். அன்றைய பக்கங்களுக்கு அது போதும். பக்கங்கள் இன்று பல மடங்கு பெருத்துவிட்டன, வரம்பு தாண்டியவருக்குக் கிடைப்பது மட்டும் அந்தப் பழைய வேகம். வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், பக்கம் திறக்காது. மாலையில் மட்டும் மந்தம் என்றால் முதலில் மீதி டேட்டாவைப் பாருங்கள். போன்களின் தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வையுங்கள்.

இரண்டாவது, வரிசை நெரிசல். வீட்டில் ஒருவர் வீடியோவை மேலேற்றும்போது மற்றவர்களின் பக்கங்கள் உறைந்துவிடும். மேலேற்றும் வழி குறுகல். அனுப்பக் காத்திருப்பதையெல்லாம் ரவுட்டரோ அதற்கு மேலுள்ள கருவியோ நீண்ட வரிசையில் சேர்த்துவைக்கும். உங்கள் சிறு கோரிக்கையும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் இதற்கு ஒரு தீர்வு எழுதினார்கள். வரிசையில் நீண்ட நேரம் காக்க வைக்காத அந்த முறை இன்று சில ரவுட்டர்களில் ‘எஸ்க்யூஎம்’ என்ற பெயரில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால், விண்ணப்பம் நிரப்பும் அந்த அரை மணி நேரத்துக்காவது வீடியோ ஏற்றாமல் இருங்கள்.

மூன்றாவது, முகவரி சொல்லும் டிஎன்எஸ். பக்கம் தொடங்கவே நேரம் எடுத்து, தொடங்கியபின் சட்டென்று வந்தால் சந்தேகம் இதன் மேல். ரவுட்டரில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். சில தளங்கள் மட்டும் பாதியில் நின்று மற்றவை சரளமாக வந்தால், ஒரு பொட்டலத்தில் போகும் தகவலின் உச்ச அளவான எம்டியுவை ரவுட்டரில் 1400-க்குக் குறைத்துப் பார்ப்பதும் பலன் தரும்.

தேனி காட்டிய வழி

தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறு கண் பார்வை மையங்கள் உண்டு. கிராமத்து நோயாளி அங்கே உட்கார்ந்தபடி, தேனியில் இருக்கும் மருத்துவரோடு வீடியோவில் பேச வேண்டும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவரின் குழு, விலை குறைந்த சாதாரண வைஃபை கருவிகளோடு திசை ஆன்டெனாவைப் பூட்டி இந்த மையங்களை இணைத்தது. தூரம் கூடியதும் வைஃபை திணறியது. ஒவ்வொரு தகவலுக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்காகக் காத்திருக்கும் வழக்கம் அறைக்குள் சரி, பல கிலோமீட்டருக்குச் சரிவராது. அந்த வழக்கத்தை மாற்றி, இரு முனையும் முறைவைத்துப் பேசும்படி எழுதினார்கள். இணைப்பின் வேகம் 2 முதல் 5 மடங்கு கூடியதாக 2007-ல் வெளியிட்ட ஆய்வில் பதிவு செய்தார்கள்.

அடுத்த ஆண்டு அதே குழு எழுதிய ஆய்வு மலை ஊர்களுக்கு இன்னும் முக்கியமானது. இணைப்பை உயிரோடு வைத்திருப்பதில் அவர்களை அதிகம் படுத்தியது அலை அல்ல, கரண்ட். ஏறி இறங்கும் மின்னழுத்தம் கருவிகளைக் கெடுத்தது, பாதியில் தொங்கவிட்டது. கோளாறு வந்தால் வெளியூர் நிபுணருக்குக் காத்திருக்க முடியாது என்று, அங்கேயே இருந்த ஊழியர்களுக்குப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

நம் வீட்டு ரவுட்டருக்கும் இது பொருந்தும். அமைப்புப் பக்கத்தில் ‘அப்டைம்’ என்று ஒரு வரி, ரவுட்டர் அணையாமல் ஓடிய நேரத்தைச் சொல்லும். கரண்ட் போகாத நாளில் அது ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று காட்டினால், மின்னழுத்தம் இறங்கும்போதெல்லாம் ரவுட்டர் அணைந்து எழுகிறது. ரவுட்டரின் வோல்ட்டுக்குப் பொருந்தும் மினி யுபிஎஸ் ஒன்று மாட்டினால் போதும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கையும் ஆன்டெனா கேபிளையும் கழற்றி வையுங்கள்.

அளவு கையில் இருந்தால்

இத்தனையும் பார்த்த பிறகும் மந்தம் என்றால், அது ஊரின் உரிமைப் பிரச்சினை. பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் இறங்குவேகம் வேண்டும் என்று 2023 ஜனவரியில் அரசே வரையறுத்திருக்கிறது. எங்கே எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 விதிகள் சொல்கின்றன. அந்த வரைபடத்தில் உங்கள் ஊர் வண்ணம் பூசியிருந்து, நோட்டில் வேறு கணக்கு இருந்தால் புகார் கொடுங்கள், புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீர்வு சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்கு 30 நாளுக்குள் போகலாம். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைக்கும் பாரத்நெட் பணி ‘டான்ஃபிநெட்’ நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. நம் ஊராட்சிக் கட்டடத்துக்கு அந்தக் கம்பி வந்ததா, உயிரோடு இருக்கிறதா என்று கிராம சபையில் கேட்டுத் தீர்மானம் போடலாம். தேதியும் நேரமும் எண்ணும் எழுதிய ஒரு மாத நோட்டை மேசைமேல் வைத்துக் கேட்டால், ‘பார்க்கிறோம்’ என்று சொல்லி அனுப்பிவிட முடியாது.

அரசுத் தளங்களை எழுதுபவர்களுக்கும் இதில் கடமை இருக்கிறது. சான்றிதழ் விண்ணப்பத்துக்கு ஓடும் பேனரும் பெரிய படமும் எதற்கு? பாதி நிரப்பிய படிவம் தானாகச் சேமிக்கப்பட வேண்டும். இணைப்பு அறுந்து திரும்பியவரை முதல் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லக் கூடாது. மந்தமான இணைப்பில் திறந்து பார்த்துச் சரி என்று ஆன பிறகே ஒரு தளத்தை வெளியிட வேண்டும். நெல்லிவாசல்நாட்டில் திறக்கும் பக்கம் தமிழ்நாட்டில் எங்கேயும் திறக்கும்.

ஊருக்கு இரண்டு இளைஞர்கள் இந்தச் சோதனைகளைக் கற்றுக்கொண்டால் போதும். பள்ளியின் கணினி, இ-சேவை மையம், பக்கத்து வீட்டு ரவுட்டர் என்று எங்கே கோளாறு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அரசும் ஊராட்சியும் அவர்களுக்குப் பயிற்சியும் ஒரு சிறு ஊதியமும் கொடுக்க வேண்டும். சாலைக்கும் குடிநீருக்கும் ஊரில் ஆள் வைத்துப் பராமரிக்கிறோம். மலைப் பிள்ளைகளின் படிப்பும் சான்றிதழும் இன்று இணையத்தின் வழியாகப் போகும்போது, அதற்கும் ஆள் வைத்தே ஆக வேண்டும்.