செவிவழி நிறுவுதல்: திரை வாசிப்பானும் விசைப்பலகையும்

கணினியில் புதிய மென்பொருளை நிறுவுதல் கண்ணுடையார்க்கு எளிய வினை. பார்வையற்றோர் அவ்வினையைச் செவியாலும் விசைப்பலகையாலும் இயற்றுகின்றனர். அம்முறை யாது, அதன்கண் இடர் நேரும் இடங்கள் யாவை என்பன ஈண்டு விளக்கப்பெறும்.

திரையில் தோன்றுவனவற்றைப் பேச்சாக மாற்றித் தரும் மென்பொருள் திரை வாசிப்பான் எனப்படும். விண்டோஸ் கணினிகளில் இயங்கும் என்விடிஏ அவ்வகையது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் இதனை ஆக்கத் தொடங்கினார். இது விலையின்றிக் கிடைப்பது. தமிழையும் வாசிக்க வல்லது.

கண் பலவற்றை ஒருங்கே காணும். செவி ஒன்றன்பின் ஒன்றாகவே கேட்கும். வேறுபாடு அனைத்திற்கும் அடிப்படை இதுவே. ‘டேப்’ விசையை அழுத்துந்தோறும் வாசிப்பான் அடுத்த உறுப்பிற்குச் சென்று, அதன் பெயர், வகை, நிலை ஆகியவற்றைக் கூறும். ‘ஷிப்ட்’ விசையையும் சேர்த்து அழுத்தின் பின்னோக்கிச் செல்லும். பொத்தானை இயக்க ‘என்டர்’ விசையும், தேர்வுப் பெட்டியில் குறியிட ‘ஸ்பேஸ்’ விசையும், பல தெரிவுகளுள் ஒன்றைக் கொள்ள அம்பு விசைகளும் பயன்படும்.

இனி, இடர் நேரும் இடங்களைக் காண்போம். நிறுவல் நிரல்கள் பலவற்றில் உரிம விதிகளை ‘ஏற்கவில்லை’ என்னும் தெரிவே முதற்கண் குறிக்கப்பட்டிருக்கும். அந்நிலையில் ‘அடுத்து’ என்னும் பொத்தான் இயங்காது. அது மங்கித் தோன்றுதலைக் கண்ணுடையார் கண்டு காரணத்தை உணர்வர். ‘டேப்’ விசையோ இயங்காப் பொத்தானைத் தாண்டிச் சென்றுவிடும். ஆதலின் செவியால் அறிவார்க்கு அப்பொத்தான் இல்லாததொன்றே. அம்பு விசையால் ‘ஏற்கிறேன்’ என்பதைத் தெரிந்த பின்னரே வழி திறக்கும். ஐயுற்றவிடத்து ‘இன்சர்ட்’ விசையோடு ‘பி’ விசையை அழுத்தின், என்விடிஏ அச்சாளரம் முழுவதையும் வாசிக்கும்.

மற்றோர் இடம், விண்டோஸ் இசைவு கேட்கும் காப்புத் திரை. பென் டிரைவிலிருந்து இயக்கப்படும் என்விடிஏ அத்திரையை வாசிப்பதில்லை. கணினியில் நிறுவப்பட்டதே வாசிக்கும். எனவே, பிற மென்பொருள்களுக்கு முன்னர் வாசிப்பானையே நிறுவிக்கொள்ளுதல் நன்று.

மூன்றாவது, பெயரிடப்படாத பொத்தான். ஆக்கியோர் படத்தை மட்டும் அமைத்துப் பெயரிடாது விடின், ‘பொத்தான்’ என்னும் சொல் மட்டுமே செவிக்கு எட்டும். இது பயனரால் நீங்கும் குறையன்று. நிரலில் ஒரு வரி சேர்ப்பின் நீங்கும். அவ்வரி இன்மையால், தாமே செய்யத்தக்க வினைக்கும் பிறர் கையை நாட நேர்கிறது.

தமிழாக்கம் செய்வோர்க்கும் இதன்கண் பொறுப்புண்டு. ‘நிறுவு’, ‘நிறுத்து’ என்னும் இரண்டும் தாளில் வேறுபட்டுத் தோன்றும். விரைந்தொலிக்கும் குரலிலோ முதலிரண்டு எழுத்தும் ஒன்றாய் அமைந்து மயக்கம் தரும். ஒன்று தொடங்குவது, மற்றொன்று தடுப்பது. ‘நிறுத்து’ என்பதற்கு ஈடாகக் ‘கைவிடு’ என்றாற் போல, முதலெழுத்திலேயே வேறுபடும் சொல்லை ஆளின் அம்மயக்கம் நீங்கும். ஆதலின் கலைச்சொல் காண்போர், அதனைக் கண்ணால் நோக்குவதோடு அமையாது, ஒருமுறை செவியாலும் கேட்டுத் துணிதல் வேண்டும்.