பொதுத்தொடரும் விலகலும்: பாக்டீரியப் புரமோட்டர் குறித்த கலைச்சொற் சிக்கல்

மூலக்கூற்று உயிரியல் தன் கலைச்சொற்களுள் பலவற்றை எழுத்து, படி, மொழிபெயர்ப்பு ஆகிய துறைகளிலிருந்து எடுத்துக்கொண்டது. ஆதலின் அந்நூல்களைத் தமிழாக்குவோர் உருவகத்தையே பொருளாகக் கொண்டுவிடும் இடர் உண்டு. ‘புரமோட்டர்’ இதற்குத் தக்க சான்று. இதனை ‘ஊக்கி’ எனப் பெயர்ப்பின், இகர விகுதி அதனை வினைமுதலாக்கிவிடும், ‘வினையூக்கி’யோடும் மயங்கும். உண்மையில் அது டி.என்.ஏ.வில் அமைந்த ஓர் இடம், வினைமுதல் ஆர்.என்.ஏ. பாலிமரேசு என்னும் நொதியே. ‘தொடக்கப் பற்றிடம்’ என்பது பொருந்தும்.

எஷெரிச்சியா கோலி பாக்டீரியாவில் இந்நொதியின் உள்ளகம் தனித்து நின்று பற்றிடத்தை இனங்காண்பதில்லை. 1969இல் அறிவிக்கப்பட்ட சிக்மா என்னும் புரதம் உடன்சேர்தல் வேண்டும். படியெடுப்புத் தொடங்கும் எழுத்தை +1 எனக் கொண்டால் (இவ்வெண்முறையில் சுழியம் இல்லை), சிக்மா பற்றுவன -35, -10 ஆகிய இடங்களை ஒட்டிய இரு ஆறெழுத்துத் தொடர்கள். பல பற்றிடங்களை ஒப்பிட்டுப் பெற்ற பொதுத்தொடர்கள் முறையே டிடிஜிஏசிஏ, டிஏடிஏஏடி என்பன. பின்னதைப் பிரிப்னோ 1975இல் சுட்டினார். நொதி முதலில் இரட்டை இழை பிரியாத நிலையிலேயே அமர்கிறது. பின்னர் -10 பகுதி தொடங்கி ஏறத்தாழ 13 இணைகள் பிரிகின்றன. அப்போது அத்தொடரின் இரண்டாம் எழுத்தாகிய ஏ, இறுதி எழுத்தாகிய டி ஆகிய இரண்டும் புறம்புரண்டு சிக்மாவின் குழிகளுள் பொருந்துவதை 2011ஆம் ஆண்டுப் படிக ஆய்வு காட்டியது. தொடரை ‘வாசித்தலும்’ இழை பிரிதலும் இருவேறு செயல்களல்ல என்பது இதனாற் பெறப்படும்.

பொதுத்தொடரை ஒப்பியல் மொழிநூலார் உடுக்குறியிட்டுத் தரும் மீட்டுருவத்தோடு ஒப்பிடத் தோன்றும். ஒப்பிடும் முறை ஏறக்குறைய ஒன்றே, உணர்த்துவது வேறு. மீட்டுருவம் முன்பு வழங்கிய வடிவமாகக் கருதப்படும். பொதுத்தொடரோ ஒவ்வோரிடத்தும் மிகுதியாக வரும் எழுத்துகளின் கோவை மட்டுமே. அதனின்று விலகுவதைப் ‘பிழை’ என்று பெயர்ப்பது தவறு. லாக் ஓபரானின் -10 தொடர் டிஏடிஜிடிடி. இவ்விலகலால் பற்று நலிகிறது; கேப் என்னும் புரதத்தின் துணை வேண்டியதாகிறது; அத்துணையோ குளுக்கோஸ் குறைந்தவழியே கிட்டும். யூவி5 என்னும் மாற்றுவடிவில் இரண்டு எழுத்துகள் மாறிப் பொதுத்தொடரே அமைந்துவிட, அத்துணையின்றியே படியெடுப்பு வலுவாக நிகழ்கிறது. ‘திருத்தம்’ பெற்ற வடிவம் குளுக்கோஸ் நிலைக்கேற்ப ஒழுகும் தன்மையைப் பெரிதும் இழந்த வடிவமாகும்.

இரு தொடர்களுக்கும் இடைப்பட்ட பகுதியும் கருதத்தக்கது. அது 17 இணைகளாயிருத்தல் சிறப்பு; எழுத்தினும் நீளமே அங்கு முதன்மையானது. ஓரிணை கூடினும் குறையினும் தொலைவு மட்டுமன்றி, சுருளின் திருப்பத்தால் ஏறத்தாழ 34 பாகை கோணமும் மாறும். எனவே ‘ஸ்பேசர்’ என்பதனை ‘வெற்றிடம்’ எனப் பெயர்த்தல் ஏலாது, ‘இடையளவு’ எனலாம்.