உபகாரச் சம்பளமும் ஊர்ச் சான்றிதழும்

பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியதும் நம்மவர் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "எந்தக் கல்லூரி?" என்பது. அடுத்தது, "பணத்துக்கு என்ன வழி?" என்பது. இவ்விரண்டுக்கும் முன்னதாகக் கேட்டுத் தெளிய வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. "அரசாங்கத்தின் கணக்கில் நாம் எந்த மாநிலத்தார்?" என்பதே அது.

மும்பையில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. மராத்தியும் இந்தியும் நாவிற் பழகிவிட்டன. ரேஷன் அட்டையும் வாக்குரிமையும் இங்கேயே இருக்கின்றன. ஆயினும், பெரியோர் உபகாரச் சம்பளம் என்றும், நாம் கல்வி உதவித்தொகை என்றும் சொல்லும் அந்தப் பணத்துக்கு விண்ணப்பிக்கும்போது, 'சொந்த மாநிலம்' என்ற கட்டத்தின் முன்னே கை தயங்குகிறது. அத்தயக்கத்தின் விலை, பல சமயங்களில் ஓர் ஆண்டுக் கட்டணம்.

பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு

தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பட்டியல்கள் இந்தியா முழுவதற்கும் ஒன்றல்ல. அரசியல் சட்டத்தின் 341, 342-ஆம் பிரிவுகளின்படி அவை மாநிலந்தோறும் தனித்தனியே வகுக்கப்பட்டவை. தாழ்த்தப்பட்டோருக்கான முதல் ஆணை பிறந்த நாள் 1950 ஆகஸ்டு 10. அந்நாளில் ஒரு குடும்பம் எங்கே நிலையாக வசித்ததோ, அந்த மாநிலமே இவ்விஷயத்தில் அதன் சொந்த மாநிலமாகக் கொள்ளப்படுகிறது.

ஆந்திரத்திலிருந்து பணி நிமித்தம் பம்பாய்க்கு வந்த ஒருவரின் மகன், மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கோரி வழக்குத் தொடுத்தார். மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு எனப் பெயர் பெற்ற அதில், 1990-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஒரு மாநிலத்திலிருந்து மறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர், தம் பழைய மாநிலத்துப் பட்டியல் உரிமையைப் புதிய மாநிலத்தில் கோர இயலாது என்பது அதன் சாரம். 2018-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் இக்கொள்கையை உறுதி செய்தது.

இதைக் கேட்டதும், "அப்படியாயின் நமக்கு ஒன்றுமே இல்லை" என்று மனம் சோர்வோர் உண்டு. அது சரியன்று. இடஒதுக்கீடு வேறு, உபகாரச் சம்பளம் வேறு. 1944-இல் தொடங்கி இன்றளவும் நடைபெறும் தாழ்த்தப்பட்டோருக்கான மேற்படிப்பு உதவித் திட்டத்தின் விதி தெளிவாகவே இருக்கிறது. மாணாக்கர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநில அரசாங்கமே உதவி வழங்க வேண்டும். அவர் படிப்பது இந்தியாவில் எங்கேயாயினும் சரியே. ஆகவே, மும்பைக் கல்லூரியில் படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளையின் மனு தமிழ்நாட்டு ஆதிதிராவிடர் நலத்துறைக்குச் செல்ல வேண்டும். மகாராஷ்டிர அலுவலகத்தில் அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

1950-க்கு முன்பே இங்கு வந்து நிலைத்தவர்களின் நிலை வேறு. அவர்களுடைய சாதிப் பெயர் இம்மாநிலப் பட்டியலிலும் இருக்குமானால், இங்கேயே உரிமை கோரலாம். அதற்கு அந்நாளைய சான்று வேண்டும். பாட்டனார் படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், ஆலையில் வேலை பார்த்த காகிதம், பழைய வாடகைச் சீட்டு ஆகியவை தகரப் பெட்டியின் அடியிற் கிடக்கலாம். வீடு மாறும்போது குப்பை என்று எறிந்துவிட வேண்டாம். பேரப்பிள்ளையின் படிப்பு அதில் இருக்கக்கூடும்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

எங்கள் குடியிருப்பில் நெல்லைச் சீமையைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். அவர் மகள் நல்ல மதிப்பெண் பெற்றுப் பொறியியற் கல்லூரியில் சேர்ந்தாள். இங்குள்ள அலுவலகத்தில் இரண்டு மாதம் நடந்த பிறகே, "உங்கள் மாநிலத்தில் கேளுங்கள்" என்ற விடை கிடைத்தது. தந்தையார் ரயிலேறி ஊர் சென்றார். தாலுகா அலுவலகத்தில் தம் தகப்பனார் பெயரில் இருந்த பழைய சாதிச் சான்றைத் தேடி எடுத்து, மகளுக்குப் புதுச் சான்று பெற்றுத் திரும்புவதற்குள் அவ்வாண்டுக் கெடு முடிந்துவிட்டது. வட்டிக்கு வாங்கிக் கட்டணம் செலுத்தினார். அடுத்த ஆண்டு மனு உரிய காலத்தில் சென்றது, உதவியும் வந்தது. முதலாண்டுக் கடனோ இன்னும் தீரவில்லை. பெண்ணின் தகுதியில் குறைவில்லை. அரசாங்கத்திடம் பணமும் இருந்தது. போகவேண்டிய இடம் தெரியாமற் கழிந்த இரண்டு மாதமே குடும்பத்தைக் கடனில் தள்ளியது.

மாறி வரும் விதிகள்

சொந்த மாநிலம் மாறுவதில்லை. விதிகளோ மாறிக்கொண்டே இருக்கின்றன. சென்ற சில ஆண்டுகளில் நேர்ந்த மாற்றங்களுள் நமக்கு இன்றியமையாத சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, மேற்சொன்ன தாழ்த்தப்பட்டோர் திட்டத்தின் செலவை மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்வதென 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. மத்திய அரசின் பங்கு மாணாக்கரின் வங்கிக் கணக்கிலேயே நேரே வரவு வைக்கப்படுகிறது. கட்டணத்துக்கென வரும் தொகையைக் கல்லூரியிற் செலுத்தும் பொறுப்பு இப்போது நம்முடையது. வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டால் பிள்ளை கல்லூரி வாயிலில் நிற்க நேரிடும். பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம் ரூபாய். இதர பிற்பட்ட வகுப்பினருக்கான மத்திய உதவியிலும் ஒன்றரை லட்சமாக இருந்த வரம்பு இரண்டரை லட்சமாக உயர்ந்திருக்கிறது.

இரண்டாவது, சாதி வேறுபாடின்றி மதிப்பெண்ணுக்காக மத்திய கல்வி அமைச்சகம் ஆண்டுதோறும் 82,000 பேருக்கு வழங்கும் உதவி. இதில் சொந்த மாநிலக் கேள்வி எழுவதில்லை. பிள்ளை எந்தத் தேர்வு வாரியத்தில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதினாரோ, அந்த வாரியத்தின் வரிசையில் மேலிருந்து ஐந்தில் ஒரு பங்கினருள் இருக்க வேண்டும். ஆகவே இங்கேயே படித்த நம் பிள்ளைகளுக்கு இது மிகவும் ஏற்றது. பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாயாக இருந்த தொகை 12,000 ஆயிற்று. அதே சமயம், எட்டு லட்சமாக இருந்த வருமான வரம்பு நாலரை லட்சமாகக் குறைந்தது. மூத்த மகனுக்குக் கிடைத்ததே என்று இளையவளுக்கும் எதிர்பார்த்து ஏமாறுவோர் இதனால்தான் ஏமாறுகின்றனர். ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் தேவை.

மூன்றாவது, கடன். 2024 நவம்பர் 6-ஆம் நாள் மத்திய அமைச்சரவை 'பிரதம மந்திரி வித்யாலக்ஷ்மி' திட்டத்துக்கு இசைவளித்தது. தெரிந்தெடுக்கப்பட்ட உயர்தரக் கல்வி நிலையங்களில் இடம் பெற்றோர்க்கு ஈடும் ஜாமீனும் இன்றி வங்கிக் கடன் உண்டு. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்கு உட்பட்டிருந்தால், பத்து லட்சம் வரையிலான கடனுக்கு மூன்று விழுக்காடு வட்டிச் சலுகைக்கு மனுச் செய்யலாம். ஆயினும் இது கடனே என்பதை மறவாதிருத்தல் நலம்.

மாநிலங்களின் சலுகைகளும் உள. மகாராஷ்டிரத்தில், எட்டு லட்சத்துக்கு உட்பட்ட வருமானமுடைய குறிப்பிட்ட பிரிவுப் பெண்களுக்குத் தொழிற்படிப்புக் கல்விக் கட்டணம் முழுவதையும் விலக்கி 2024 ஜூலையில் ஆணை பிறந்தது. இத்தகைய சலுகைகளுக்கு இம்மாநில வாசி என்ற சான்று தேவை. பதினைந்து ஆண்டு வசித்ததைக் காட்டி அதனைப் பெறலாம். தமிழ்நாட்டிலோ, மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) ஆகிய திட்டங்கள் அங்குள்ள பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்க்கே உரியன. நம் பிள்ளைகள் இங்கே படித்தவர்களாதலின், அவற்றை நம்பிக் கணக்குப் போடுவது வீண்.

வருமானம் என்பது எது?

ரயில்வே ஊழியராகிய நம்போன்றோர் ஒன்றைக் கருத வேண்டும். ஏழாவது ஊதியக் குழு வகுத்தபடி இளநிலை எழுத்தரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். ஆண்டுக்கு 2,38,800. இரண்டரை லட்சத்துக்குள் அடங்கியதாகவே தோன்றும். ஆனால் 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 விழுக்காடு ஆயிற்று. அதைச் சேர்த்தால் 3,58,200. வீட்டு வாடகைப்படி வேறு. ஆக, கடைநிலை எழுத்தரும் அந்த வரம்பைக் கடந்துவிடுகிறார். நாலரை லட்ச வரம்புடைய மதிப்பெண் உதவியையே அவர் நாட வேண்டும்.

மத்திய அரசின் பிற்பட்டோர் ஒதுக்கீட்டில் 'வசதி படைத்த பிரிவு' அன்று என்று காட்டும் சான்று முற்றிலும் வேறு. அதன் எட்டு லட்ச வரம்பில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேர்வதில்லை. ஒன்றின் சான்றை மற்றொன்றுக்குக் கொடுத்தால் மனு திரும்பிவரும்.

பெயரும் கணக்கும்

தேசிய உபகாரச் சம்பள இணையதளத்தில் ஒரே முறை செய்யும் பதிவு இப்போது ஆதாரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. இங்கே நம்மவர்க்கு ஓர் இடர். நம் வழக்கம் தலைப்பெழுத்து. இவ்வூர் வழக்கம் குடும்பப் பெயர். பள்ளிச் சான்றில் 'செல்வி முருகன்', ஆதாரில் 'மு. செல்வி', வங்கியில் வெறும் 'செல்வி' என்றிருந்தால், மூவரும் ஒருவரே என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் கொடுக்குமுன் இவற்றை ஒன்றாக்கிவிட வேண்டும். பின்னர்த் திருத்துவது பெரும்பாடு. வங்கிக் கணக்கும் பிள்ளையின் பெயரில், ஆதாரோடு இணைந்ததாக இருத்தல் அவசியம். இணையதளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் ஏதுமில்லை. "நான் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்போரை விலக்குக.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் பல குடும்பங்கள் ஊர் செல்கின்றன. பத்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் பெற்றோரை ஏப்ரல் மாதத்திலேயே ஒருநாள் மாலை கூட்டி, யார் யாருக்கு ஊரிலிருந்து எந்தச் சான்று வேண்டும் என்று குறித்துக் கொடுத்தால், அந்தப் பயணத்திலேயே காரியம் முடியும். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் நாளில் காகிதம் கையில் இருக்கும். அவ்வாண்டு விதி எவ்வாறு மாறினும், அதைப் படித்துப் பார்த்து மனுப் போடுவது மட்டுமே எஞ்சும். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த அலுவலக அன்பர்கள் நம்முள் பலர் உளர். வாரம் ஒருமணி நேரம் இதற்கு ஒதுக்க அவர்கள் முன்வருவார்களாயின், நானும் அவர்களுள் ஒருவனாக வந்து அமரச் சித்தமாயிருக்கிறேன்.