குடைசாய்ந்தால் கூரை தாங்குமா?

ராணுவம் கழித்துவிட்ட லாரிகளை ஏலத்தில் எடுத்துப் புதுப்பிப்பது அமெரிக்காவில் பலருக்குத் தீராத பொழுதுபோக்கு. பத்துச் சக்கர வண்டியைப் பட்டறைக்குள் நிறுத்தித் துரு சுரண்டி, டிங்கரிங் முடித்து, பட்டி பார்த்து, மறுபடி பச்சை அடித்து, விடுமுறை நாள் ஊர்வலத்துக்கும் காட்டுப் பாதைக்கும் ஓட்டுகிறார்கள். இந்த வேலையோடு கேபினுக்குள் இரும்புக் குழாய்க் கூண்டு அமைப்பதும் சேர்ந்துகொள்கிறது. வண்டி குடைசாய்ந்தால் உள்ளே இருப்பவர் நசுங்கக் கூடாது என்பதே நோக்கம். கூண்டு போட்ட எல்லா வண்டியும் பாதுகாப்பானதா? பார்ப்போம்.

எந்த லாரிகள்?

இவற்றில் புகழ்பெற்றது எம்35. கரடுமுரடான நிலத்தில் இரண்டரை டன் சுமக்கும் இந்த லாரியை 1950 வாக்கில் ரியோ நிறுவனம் உருவாக்கியது. கொரியா, வியட்நாம் போர்களைக் கண்டு, பல பத்தாண்டுகள் பணியில் இருந்தது. அடுத்தது 1980களில் வந்த எம்939 வரிசை ஐந்து டன் லாரி. ஹம்வீ வாகனங்கள் பொது ஏலத்துக்கு வந்தது 2014 டிசம்பரில். முதல் தவணையில் 25 வண்டிகள் விடப்பட்டன.

கூரை ஏன் துணியில்?

எம்35, எம்939 இரண்டிலும் கேபினின் வழக்கமான கூரை கித்தான் துணிதான். தகரக் கூரை தனியாகப் பொருத்திக்கொள்ள வேண்டிய உபரி. முன்கண்ணாடிச் சட்டமும் கீல் வைத்து மடக்கக்கூடியது. கப்பலிலும் விமானத்திலும் ஏற்றும்போது உயரம் குறைய வேண்டும். ஆபத்தென்றால் வீரர்கள் சட்டென்று வெளியே குதிக்க வேண்டும். போர்முனையில் எளிதாகப் பழுது பார்க்க வேண்டும். ராணுவத்தின் கணக்கில் இவையெல்லாம் நியாயம். எம்35-இன் உச்ச வேகமே மணிக்கு சுமார் 90 கிலோமீட்டர்தான். ஆரம்பகால வண்டிகள் சீட் பெல்ட் இல்லாமலே வெளிவந்தன.

இப்படிப்பட்ட கேபின் தலைகீழானால், இருக்கைக்கு மேலே எதிர்ப்புக் காட்ட எதுவும் இல்லை. கண்ணாடிச் சட்டம் மடங்கிவிடும். கதவுகள் பாதி உயரத்துக்கு மேல் வெறும் கண்ணாடி. மொத்த எடையும் ஸ்டியரிங், இருக்கை முதுகு, மனித உடல் ஆகியவற்றின் மீது இறங்கும்.

ராணுவம் கற்ற பாடம்

இது ஏட்டளவு அச்சமல்ல. எம்939 விபத்துகளை அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஆராய்ந்து 1999-இல் அறிக்கை தந்தது. 1987 முதல் 1998 வரையிலான நிதியாண்டுகளில், தரைப்படையின் மோட்டார் வாகனங்களில் இந்த வரிசையின் பங்கு சுமார் 9 சதவீதம்தான். ஆனால் வாகனத்தில் இருந்தவர்களின் உயிரிழப்பில் அதன் பங்கு 44 சதவீதம். ஈரச் சாலையில் ஓட்டுநர் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். வண்டி வழுக்கித் திரும்பிக் கவிழும். தரைப்படை முதலில் வேகத்தை மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கட்டுப்படுத்தியது. பிறகு டயர் மாற்றம், சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக், கேபினுக்கு வலுவூட்டல் என்று திட்டமிட்டது.

இருபது ஆண்டு கழித்தும் சிக்கல் ஓயவில்லை. அதே தணிக்கை அமைப்பின் 2021 அறிக்கைப்படி, 2010 முதல் 2019 வரை தரைப்படையும் மரைன் படையும் சந்தித்த, போர் சாராத வாகன விபத்துகள் 3,753. இறந்த படையினர் 123 பேர். விபத்துகளில் ஏறக்குறைய கால்வாசிதான் கவிழ்ந்தவை. உயிரிழப்பிலோ அவற்றின் பங்கு 63 சதவீதம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

காரின் கூரை எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்று அமெரிக்காவில் கூட்டாட்சி விதி உண்டு. ஆனால் அது மொத்த எடை வரம்பு 4,536 கிலோ வரையுள்ள வண்டிகளோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேற்பட்ட லாரிகளுக்குக் கட்டாயக் கூரை விதி இல்லை. ஐரோப்பாவில் ஐ.நா.வின் 29-ஆவது ஒழுங்குமுறை லாரி கேபினை முன்பக்கம் இடித்துப் பார்க்கிறது, கூரையை அழுத்திப் பார்க்கிறது. அந்தச் சோதனை தேடும் விடை ஒன்றுதான்: இத்தனை அடி வாங்கிய பிறகும் உட்கார்ந்திருப்பவரைச் சுற்றி உயிர்பிழைக்கப் போதிய வெளி மிஞ்சுகிறதா?

கூண்டு கட்டுபவர்களும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். குழாய் வளையலாம், தகடு நெளியலாம். தலை, மார்பு, கால் இருக்கும் வெளி சுருங்கக் கூடாது. டிராக்டர் உலகம் இதை எப்போதோ கண்டுகொண்டது. புதிய டிராக்டர்களில் கவிழ்வுக் காப்புச் சட்டம் இருந்தாக வேண்டும் என்று ஸ்வீடன் 1959-லேயே விதித்தது. டிராக்டர் கவிழ்ந்து சாகும் விவசாயிகளின் எண்ணிக்கை அதன் பிறகு அங்கே மளமளவென்று சரிந்தது.

கூண்டின் பலம் எதில்?

கார் பந்தய விதிகளிலிருந்து ஓரளவு தெரிந்துகொள்ளலாம். பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பின் விதிப்படி, ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளையம் தையலற்ற எஃகுக் குழாயாக இருக்க வேண்டும். 45 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 2.5 மில்லிமீட்டர் சுவர்த் தடிமன் தேவை. அதன் கால் தரையில் இறங்கும் இடத்தில் குறைந்தது 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட வலுவூட்டல் தகடு வேண்டும். இந்தத் தகடு இல்லாவிட்டால், வண்டி உருளும்போது குழாய் கேபின் தரையைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். கூண்டு முழுசாக இருக்கும், கூரை உயரம் போயிருக்கும்.

ஒன்றிரண்டு டன் காருக்கான இந்த அளவை அப்படியே எம்35-க்கு எடுத்துப் போட முடியாது. காலி வண்டியே ஏறத்தாழ 6 டன். அதனால் கனமான குழாயும் கூடுதல் மூலைவிட்டத் தாங்கிகளும் தேவை. வெறும் செவ்வகம் பக்கவாட்டில் தள்ளினால் சரிந்துவிடும். குறுக்கே ஒரு மூலைவிட்டம் போட்டால் அது இரண்டு முக்கோணமாகி நிற்கும். பட்டறைகளில் கால் வைக்க இடைஞ்சல் என்று முதலில் விட்டுவிடுவது இந்த மூலைவிட்டத்தைத்தான்.

அடுத்தது சேசிஸ் சிக்கல். ராணுவ லாரியின் நீண்ட சேசிஸ் மேடு பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும்படியே வடிவமைக்கப்பட்டது. அந்த முறுக்கம் கேபினுக்குள் ஏறாமல் இடையில் அசைவு தரும் தாங்கிகள் இருக்கும். கூண்டை கேபின் தரையோடும் சேசிஸோடும் ஒருசேரப் பற்றவைத்தால், கொஞ்ச நாள் ஓட்டத்திலேயே வெல்டிங் விரிசல் விடும். ஒன்று, கூண்டை முழுக்க கேபினோடு சேர்த்து, கேபின் தாங்கிகளையும் பலப்படுத்த வேண்டும். அல்லது கேபினுக்குப் பின்னால் சேசிஸில் தனி வளையம் நிறுத்தி, கேபின் அசைய இடைவெளி விட வேண்டும்.

எடையும் கணக்கில் வரும். 44.5 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் சுவரும் உள்ள குழாய் மீட்டருக்கு 3 கிலோவுக்குச் சற்று மேல். 20 மீட்டர் போட்டால் 60 கிலோவைத் தாண்டும். கூரை உயரத்தில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் வண்டியின் ஈர்ப்பு மையத்தை மேலே தள்ளும். கூண்டு போட்ட துணிச்சலில் கூரை மேல் உபரி டயரும் பெட்டியும் அடுக்குபவர்கள், எதற்கு அஞ்சிக் கூண்டு போட்டார்களோ அதையே வரவழைக்கிறார்கள்.

பெல்ட் இல்லாத கூண்டு ஆபத்து. கட்டுப்படாத உடல் கேபினுக்குள் வீசப்படும்போது தலை மோதும் முதல் பொருள் அந்தக் குழாயாகவே இருக்கும். பெல்ட்டின் நங்கூரத்தைக் கூண்டுக்கோ வலுவூட்டிய தரைக்கோ தர வேண்டும். தலை எட்டும் குழாய்களுக்கு அடர்த்தியான பஞ்சுறை போட வேண்டும்.

முதலில் தரையைத் தட்டிப் பாருங்கள்

கூண்டு எவ்வளவு நல்லதானாலும் அது நிற்பது பழைய தகரத்தின் மேல். கித்தான் கூரையின் ஓரத்திலும் கண்ணாடிச் சட்டத்தின் கீலிலும் கசியும் மழைநீர் பெடல்களுக்கு அடியில் தேங்கும். மேலே பல அடுக்குப் பெயிண்ட் கம்பீரமாக இருக்கும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் தொப்பென்று கேட்கும். ஸ்குரூ டிரைவரை அழுத்தினால் உள்ளே போய்விடும். அந்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த பிறகே கூண்டின் கால் அங்கே இறங்கலாம். பட்டி பூசி மறைத்தால் கண்காட்சிக்குத்தான் உதவும்.

அந்தப் பெயிண்டும் சாதாரணமானதல்ல. 1980களிலிருந்து அமெரிக்க ராணுவ வாகனங்களுக்கு, ரசாயன ஆயுதத்தைத் தாங்கும் சிறப்புப் பூச்சு அடிக்கப்படுகிறது. பழைய பூச்சுகளின் அடித்தளத்தில் புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம்-6 இருக்கலாம். தேய்த்தால் தூசியாகவும், மேலேயே வெல்டிங் வைத்தால் புகையாகவும் நஞ்சு வெளிவரும். நெதர்லாந்தில் 1984 முதல் 2006 வரை அமெரிக்க ராணுவத் தளவாடங்களைப் பராமரித்த கிடங்குகளில், தொழிலாளர்கள் குரோமியம்-6-க்கு ஆளானதை அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனம் 2018-இல் உறுதிசெய்தது. எனவே வெல்டிங் இடத்தைச் சுற்றிப் பூச்சை முறையாக நீக்குவதும், தகுந்த சுவாசக் கவசம் அணிவதும் வேலையின் பகுதி.

இந்தியாவில்?

இங்கும் ராணுவம் கழித்த வண்டிகள் ஏலத்துக்கு வருகின்றன. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதற்குக் கடிவாளம் போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. நல்ல நோக்கத்தோடு போட்ட கூண்டும் பதிவுச் சிக்கலில் முடியலாம். வெல்டிங் கடைக்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போவது உத்தமம்.

எதற்கு முதலில் செலவழிப்பது?

எம்35ஏ2 வகையில் ஹைட்ராலிக் பிரேக் ஒரே சுற்றில் இயங்குகிறது. ஒரு குழாய் கசிந்தால் கால் பிரேக் மொத்தமும் போச்சு. அதை இரட்டைச் சுற்றாக மாற்றுவது, காலாவதியான டயர்களைத் தூக்கி எறிவது, தரையைச் சரிசெய்து பெல்ட் பொருத்துவது, அதன் பிறகு கூண்டு என்பதே அறிவுள்ள வரிசை. எம்939-இல் தரைப்படையும் கேபினோடு நிற்காமல் டயரிலும் பிரேக்கிலும் கை வைத்தது, வண்டி கவிழாமல் இருப்பதே பெரிய காப்பு என்பதால்தான். கூண்டு இரண்டாவது அரண். ஒருமுறை குடைசாய்ந்து அடிவாங்கிய கூண்டை நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தக் கூடாது. வளைந்த குழாய் தன் வேலையை முடித்துவிட்டது. ஏலத்தில் ஏற்கெனவே கூண்டு போட்ட வண்டி கிடைத்தால், முன்பு எப்போதாவது கவிழ்ந்ததா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.